கையில் போன் இருக்கிறது, சேதி வந்து சேருகிறதா?

பூஜை வந்தால் போதும், கரியாஹாட் கடைவீதியில் போன் வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. அது ஓய்வதற்குள் தீபாவளி வந்துவிடுகிறது. "முன்பணம் வேண்டாம், மாதத் தவணை போதும்" என்று தட்டி எழுதி வைத்து அழைக்கிறார்கள். டாக்குரியாவிலும் அதைச் சுற்றிய பாராக்களிலும் வாழும் நம் குடும்பங்கள், வீட்டு வேலையிலும் கட்டிட வேலையிலும் ஓட்டல் அடுப்படியிலும் உழைத்துச் சேர்த்த காசை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. எத்தனை காமிரா, எவ்வளவு பெரிய திரை, என்ன நிறம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்பதில்லை. நாம் படுத்து உறங்கும் அறையில் இந்தப் போன் மணியடிக்குமா? ஊரில் நம் தாய் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் அவள் கையில் உள்ள போன் மணியடிக்குமா?

இந்தக் கேள்வியை முன்னால் வைத்துப் பார்த்தால் போன் வாங்கும் வரிசையே தலைகீழாக மாறிவிடும். இன்று நாம் முதலில் போனை வாங்குகிறோம். பிறகு கடைக்காரர் கொடுக்கும் சிம்மைப் போடுகிறோம். கடைசியில் சிக்னலைத் தேடி மொட்டைமாடிக்கும் தெருமுனைக்கும் அலைகிறோம். நாம் சொல்வது இதற்கு நேர்மாறான வரிசை: முதலில் சிக்னல், அதற்கேற்ற சிம், கடைசியில்தான் போன்.

நமக்குப் போன் எதற்கு?

வசதி படைத்தவருக்குப் போன் பல பொருள்களில் ஒரு பொருள். அது வேலை செய்யாவிட்டால் வீட்டில் வேறு போன் இருக்கும், அலுவலகத்தில் இன்னொன்று இருக்கும். ஊரைவிட்டு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து பிழைக்கும் குடும்பத்துக்கோ அந்த ஒரு போன்தான் தபால்காரர், தந்தி, வங்கி எல்லாம். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று மேஸ்திரி சொல்வது அதில்தான். வங்கியிலிருந்து பணம் எடுக்க வரும் ரகசிய எண், பிள்ளையின் பள்ளிக்கூடச் சேதி, ஊரில் ஒரு சாவு என்றால் அந்தச் சேதி, எல்லாம் அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

முன்பெல்லாம் தந்தி என்றாலே வீடு கலங்கும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். ஆனாலும் தந்தி வந்து சேர்ந்தது. தபால்காரர் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் தந்தி தொடங்கியதே இந்தக் கல்கத்தாவில்தான். 1850-51-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் கம்பி இழுக்கப்பட்டது. இன்று டாக்குரியா ஸ்டேஷனைக் கடந்து ஓடும் டைமண்ட் ஹார்பர் லோக்கல் போகும் அதே ஊருக்குத்தான் அந்தக் கம்பியும் போயிற்று. தந்தி போய்விட்டது; அதன் பொறுப்பு முழுவதும் இப்போது நம் சட்டைப்பையில் கிடக்கும் சிறு பெட்டியின் தலையில் விழுந்திருக்கிறது.

அந்தப் பெட்டி ஊமையாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2020-ம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில் இல்லை, வேலை இல்லை. ஊரோடு நம்மை இணைத்த ஒரே இழை போன்தான். ரீசார்ஜ் கடைகளும் பூட்டிக் கிடந்தன. இரண்டு மாதம் கழித்து, மே 20 அன்று அம்பான் புயல் கல்கத்தாவைத் தாக்கியது. தெற்குக் கல்கத்தாவில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல பாராக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. போன் சிக்னலும் அதோடு போயிற்று. புயலின் சேதியை ஊரில் உள்ளவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார்கள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்ற சேதியை அவர்களுக்குச் சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று.

2023 ஜூன் 2 மாலை ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநாகா பஜார் அருகே விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது நாம் ஏறிப் போகும் வண்டி. கையில் புகைப்படத்தை வைத்துக்கொண்டு உறவினர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். அடையாளம் தெரியாத உடல்கள் மாதக் கணக்கில் கிடந்தன. இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் போன் என்ற பொருளை நாம் எடைபோட வேண்டும்.

பெட்டி சாகவில்லை, சேவை செத்தது

போன் வாங்கும்போது நாம் வாங்குவது பெட்டியை அல்ல, சேவையை. இதை விளக்கக் கல்கத்தாவின் சரித்திரமே போதும்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு. அவர் கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். சேவை நடத்தியது மோடி டெல்ஸ்ட்ரா என்ற கூட்டுக் கம்பெனி. அந்நாளில் பேசியவரும் பணம் கட்ட வேண்டும், கேட்டவரும் பணம் கட்ட வேண்டும். உழைப்பவர் வீட்டு வாசலை அது எட்டிப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் பேஜர் என்ற சிறு கருவியும் வந்தது. இடுப்புவாரில் செருகிக்கொள்வார்கள். சேதி அனுப்ப வேண்டியவர் ஒரு நிலையத்துக்குப் போன் செய்து சொன்னால், அங்கிருந்து பேஜருக்கு இரண்டு வரி போய்ச் சேரும். 'பீப்' என்று சத்தம் வரும். பதில் சொல்ல வேண்டுமானால் டெலிபோன் பூத்தைத் தேடி ஓட வேண்டும். நகர எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் அது வெறும் டப்பா. செல்போன் கட்டணம் இறங்கியதும் சில ஆண்டுகளிலேயே பேஜர் கம்பெனிகள் கடையைக் கட்டின. கருவியில் எந்தப் பழுதும் இல்லை; அதற்குச் சேதி அனுப்ப ஆள் இல்லாமல் போயிற்று. ஜப்பானில் 2019 வரை ஒரு கம்பெனி நடத்திவந்து, அதுவும் மூடியது.

2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாயைக் கட்டினால் கையில் போன் என்று அறிவித்தது. சாதாரண மக்களின் கைக்குப் போன் வந்தது உண்மை. ஆனால் அந்தப் போனில் வேறு கம்பெனியின் சிம்மைப் போட முடியாது. அது அந்தக் கம்பெனிக்கே கட்டப்பட்ட கன்றுக்குட்டி. பதினைந்து ஆண்டு முடிவதற்குள், 2017 இறுதியில் அந்தக் கம்பெனியின் பேச்சுச் சேவையே நின்றது.

நம்மவர்களை நேரடியாகத் தாக்கியது ஏர்செல். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி அது. கிராமத்துக்குக் கிராமம் அதன் சிம் இருந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் திடீரென்று அற்றுப்போனது. கடை வாசல்களில் கூட்டம் அலைமோதியது. அந்த மாத இறுதியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. வெளியூரில் வேலை செய்த மகன் ஊருக்குப் போன் போட்டால் மறுமுனையில் மௌனம். போன் பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. மணியடிக்கத்தான் ஆள் இல்லை.

கல்கத்தாவில் ஏர்டெல் 2019 ஜூனில் தன் 3ஜி சேவையை மூடியது. நாட்டிலேயே அது முதலில் மூடிய இடம் கல்கத்தாதான். 3ஜி மட்டும் தெரிந்த போன் வைத்திருந்தவருக்கு அன்றைக்கு இன்டர்நெட் இழுத்துக்கொண்டு நின்றது. இது நம் நாட்டு விஷயம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது, அவசர உதவி எண்ணை அழைக்க இயலாத பழைய போன்களை கம்பெனிகள் தங்கள் சேவையிலிருந்தே விலக்க வேண்டியதாயிற்று. பணக்கார நாடாக இருந்தாலும் சேவை மாறினால் பழைய பெட்டி குப்பைக்குத்தான் போகும்.

ஆகவே, போன் கடையில் பெட்டியின் அழகில் மயங்கி நிற்பது, தண்டவாளம் இல்லாத ஊரில் ரயில் எஞ்சின் வாங்குவதைப் போன்றது.

இரண்டு முனைகளிலும் சோதிக்க வேண்டும்

"எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்கிறவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான்: இடத்தைச் சொல்லுங்கள், பிறகு கம்பெனியைப் பேசலாம். எல்லா இடத்துக்கும் ஏற்ற கம்பெனி என்று எதுவும் கிடையாது.

சிக்னல் என்பது டவரிலிருந்து வரும் ரேடியோ அலை. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். உயர்ந்த அலைவரிசை வேகம் தரும். ஆனால் செங்கல் சுவரும் கான்கிரீட்டும் தகரக்கூரையும் அதை மடக்கிவிடும். பெரிய அடுக்குமாடிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் சந்தில், கீழ்த்தளத்து அறையில், தகரம் வேய்ந்த வீட்டில் சிக்னல் மங்குவதற்குக் காரணம் இதுதான். மெயின்ரோட்டில் நின்று பார்த்தால் நான்கு கோடும் நிற்கும். நம் வீட்டு வாசற்படி ஏறினால் ஒரு கோடுகூட நிற்காது.

2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய சேவைத்தர விதிகளைக் கொண்டுவந்தது. எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல விதி. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதைத் திறந்து, இங்குள்ள பாராவையும் ஊரையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது ஊரைக் காட்டும், தெருவைக் காட்டும். நம் வீட்டு உள்ளறையைக் காட்டாது.

சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோரிடம் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என்று நான்கு கம்பெனி போனும் இருக்கும். அவர்களை ஒரு வேளை வீட்டுக்கு அழையுங்கள். படுக்கும் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போனிலும் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். கோடுகளை எண்ணுவது சோதனை ஆகாது, பேசுவதுதான் சோதனை. மாலை எட்டு மணிக்கு, எல்லாரும் போனும் கையுமாக இருக்கும் நேரத்தில் இன்னொரு முறை பேசுங்கள். ஒரு எழுத்துச் சேதி அனுப்பி, அது எத்தனை நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். வேலை செய்யும் இடத்திலும் இதைச் செய்யுங்கள். மின்சாரம் போகும் நாளில் எந்தக் கம்பெனி சிக்னல் முதலில் சாகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பதைக் கவனித்து வையுங்கள். டவருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரியோ டீசலோ தீர்ந்தால் அதுவும் ஊமைதான்.

ஊரிலும் இதே சோதனை நடக்க வேண்டும். இங்கே பிரமாதமாக எடுக்கும் கம்பெனி, ஊரில் மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ இருக்கும் வீட்டில் எடுக்காமல் போகலாம். தம்பியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இரு முனையிலும் ஒரே கம்பெனி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தாராளமாகப் பேசலாம். அவரவர் இடத்தில் எது எடுக்கிறதோ அது அவரவர் கையில் இருக்க வேண்டும். இங்கே வாங்கிய சிம்மை ஊருக்கு அனுப்பி, "இதைப் போட்டுக்கொள் அம்மா" என்று சொல்வது பாசம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் அது எடுக்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்ப வேண்டும்.

நம் வங்காளி அண்டை வீட்டார் பலர் வைத்தியத்துக்கு வேலூர் போய் வாரக்கணக்கில் தங்கி வருகிறார்கள். வழியில் எந்த சிம் எங்கே எடுத்தது என்று அவர்களையும் கேளுங்கள். அவர்களுக்கும் நமக்கும் இந்தக் கஷ்டம் ஒன்றுதான்.

சிம் நம்முடையதாக இருக்கட்டும்

சிம் நம் பெயரில், நம் ஆதாரில் இருக்க வேண்டும். காண்டிராக்டர் பெயரிலோ, முதலாளி பெயரிலோ, பழகிய கடைக்காரர் பெயரிலோ உள்ள சிம்மை வைத்துக்கொள்வது அடுத்தவர் வீட்டில் நம் பெட்டகத்தை வைப்பதற்குச் சமம். வேலையை விட்ட மறுநாள் அந்த எண் நம்மிடம் இருக்காது. எண் போனால் வங்கிக் கணக்குக்கு வரும் ரகசிய எண்ணும் போகும். அதேபோல் நம் ஆதாரைக் காட்டி அடுத்தவருக்குச் சிம் வாங்கித் தரவும் கூடாது. நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

சிக்னல் சரியில்லை என்றால் எண்ணை மாற்றத் தேவையில்லை, கம்பெனியை மாற்றலாம். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த உரிமை இது. 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டு எண்ணையும் கல்கத்தா சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு, நம் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்குப் போய்விட வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் சேர்ந்து 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். ஏர்செல் விழுந்தபோது இந்த உரிமை இருந்ததால்தான் லட்சக்கணக்கானோர் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இரண்டு சிம் வைத்துக்கொள்ளலாமா? முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஒன்று படுத்தால் மற்றொன்று நிற்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்க வேண்டும். செலவு பயமுறுத்தினால் ஒரு வழி இருக்கிறது. பேச்சுக்கும் எழுத்துச் சேதிக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அவை வந்துவிட்டன. இன்டர்நெட் தேவைப்படாத ஊர்ப் பெரியவர்களுக்கு இதுவே போதும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டு வாங்க வேண்டும். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நீண்டநாள் போடாமல் விட்டால் வரும் அழைப்பும் நிற்கும். கடைசியில் அந்த எண்ணே வேறு யாருக்கோ போய்விடும்.

கடைசியாகத்தான் போன்

சிக்னலும் சிம்மும் முடிவான பிறகு கடைக்குப் போகலாம். அங்கே நாம் கேட்க வேண்டியவை சில.

பட்டன் போன் போதும் என்றால் அது 2ஜி போனா, 4ஜி போனா என்று கேளுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி பட்டன் போனில் அந்தச் சிம் உயிரற்ற அட்டைதான். 4ஜி வழியாகவே பேச்சைக் கொண்டுபோகும் வசதி போனில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதை 'வோல்ட்டி' என்பார்கள். உலகெங்கும் பழைய சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதால், இனி வாங்குகிறவர்கள் விலை கொஞ்சம் கூடினாலும் இந்த வசதி உள்ள பட்டன் போனையே வாங்குவது புத்திசாலித்தனம். கல்கத்தாவில் 2022 அக்டோபரிலேயே 5ஜி வந்துவிட்டது என்று ஆசை காட்டுவார்கள். நம் பாராவில், நம் அறையில் 5ஜி எடுக்காவிட்டால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்.

போன் தமிழ் காட்டுமா என்று கடையிலேயே சோதியுங்கள். வேறு போனிலிருந்து ஒரு தமிழ்ச் சேதி அனுப்பிப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் வாங்காதீர்கள். நாட்டில் விற்கும் போன்கள் எல்லா அட்டவணை மொழிகளிலும் சேதியைப் படிக்கக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் ஆணையிட்டது. தமிழ் நமக்குக் கிடைக்கும் சலுகை அல்ல, நம் உரிமை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எழுத்துச் சேதியில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் அடித்தால் 70 குறிதான். அதிலும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். எனவே நீண்ட தமிழ்ச் சேதி ஒன்றுக்கு இரண்டு மூன்று சேதியாக எண்ணப்படும். முக்கியமான விஷயத்தைத் தந்தி அடிப்பதுபோல் சுருக்கமாக எழுதுங்கள்.

சாந்தினி சௌக்கில் பழைய போன் வாங்குகிறவர்கள், போனில் *#06# அடித்தால் வரும் பதினைந்து இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் அது ஒழுங்கான போனா, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். திருட்டுப் போனை மலிவாக வாங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வேண்டாம். நம் போன் தொலைந்தாலும் இந்த எண் இருந்தால் சஞ்சார் சாத்தி வழியாக அதை முடக்க முடியும்.

ஒரு மாதச் சம்பளத்தை மீறும் போனைத் தவணையில் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. போன் நம்மை ஊரோடு இணைக்க வந்தது. கடன்காரனோடு பிணைக்க அல்ல. பேட்டரி நாள் முழுவதும் நிற்க வேண்டும், மணிச்சத்தம் காதில் விழ வேண்டும், சிக்னலைப் பிடித்து நிற்க வேண்டும். உழைப்பவருக்கு இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல போன்.

எந்தப் போனாக இருந்தாலும் வீட்டு எண் இரண்டைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையிலோ பணப்பையிலோ வையுங்கள். ரயில் பயணத்தில் இது கட்டாயம். போன் உடையலாம், பேட்டரி தீரலாம். காகிதத்துக்கு சார்ஜ் தேவையில்லை. ஆபத்தில் 112-ஐ அழையுங்கள். நம் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனியின் டவர் எட்டினால் அந்த அழைப்பு போகும்.

தனி ஆள் சாமர்த்தியம் போதாது

இவ்வளவும் ஒவ்வொருவரும் செய்துகொள்ள வேண்டிய காரியங்கள். ஆனால் நம் சாமர்த்தியத்தால் டவர் முளைக்காது. சிக்னல் ஏன் மாடிவீட்டில் நிற்கிறது, சந்துக்குள் விழுகிறது? ரீசார்ஜ் பணம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதானே? ஒரு நாள் சேவை இல்லாவிட்டாலும் அந்த நாளுக்கான பணம் கழிந்துகொண்டுதானே இருக்கிறது?

2024 விதிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் சந்தாதாரருக்கு ஈடு செய்ய வேண்டும். முன்கட்டணக்காரருக்கு நாள் நீட்டித்துத் தர வேண்டும். ஆனால் விதியின் அளவுகோல் மாவட்டம். நம் துன்பத்தின் அளவுகோல் சந்து. ஒரு சந்து மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தாலும் மாவட்டக் கணக்கில் அது தூசு. இது மாற வேண்டும். குடியிருப்பு அளவில், வீட்டுக்குள்ளே சிக்னலை அளந்து தரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இயற்கைச் சீற்றத்தின்போது ஒரு கம்பெனியின் சந்தாதாரர் மற்றக் கம்பெனியின் டவரைப் பயன்படுத்தும் ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. அதை ஒவ்வொரு புயலிலும் யாரும் கேட்காமலே உடனே திறந்துவிட வேண்டும். 2020 ஊரடங்கில் ஏழைச் சந்தாதாரர்களின் நாளைக் கம்பெனிகள் ஏப்ரல் 17 வரை நீட்டித்தன. பத்து ரூபாய் பேச்சும் சேர்த்துக் கொடுத்தன. அன்றைக்கு முடிந்தது என்றால் என்றைக்கும் முடியும். மனம்தான் வேண்டும், மனம் வரவில்லை என்றால் சட்டம் வேண்டும். பழைய 2ஜி சேவையை மூட நினைக்கும் கம்பெனி எதுவானாலும், ஏழைகள் கைக்கு மலிவான 4ஜி பட்டன் போன் வந்து சேரும்வரை அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

புகார் செய்வதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. "நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்கிறோம். 198-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள். தமிழோ வங்காளமோ, தெரிந்த மொழியைத் தேர்ந்து பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தொலைபேசி வழக்குகளை அங்கே விசாரிக்க அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு வீட்டின் புகார் காகிதம். ஒரு சந்தின் ஐம்பது வீடு சேர்ந்து கொடுக்கும் புகார் கோரிக்கை.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்போம். நான்கு கம்பெனி போனையும் எடுத்துக்கொண்டு நம் இளைஞர்கள் சந்து சந்தாகப் போகட்டும். எந்த வீட்டில் எது எடுக்கிறது, எது எடுக்கவில்லை என்று வீட்டுக்குள் நின்று சோதித்து எழுதட்டும். தமிழ் வீடு, வங்காளி வீடு, பீகாரி வீடு என்ற பேதம் வேண்டாம். சிக்னல் பாஷை பார்த்து வருவதில்லை. அந்தப் பட்டியல் சங்க வாசலில் ஒட்டப்பட்டால் புதிதாகப் போன் வாங்க வருகிற யாரும் ஏமாற மாட்டார்கள். அதே பட்டியல் கம்பெனிகளுக்கும் கவுன்சிலருக்கும் டிராய்க்கும் போனால் நம் கோரிக்கைக்கு ஆதாரம் கிடைக்கும்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த போனை வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து முடிப்போம். காசைக் கடையில் கொடுக்கும் முன் சிக்னலை வீட்டில் பார்ப்போம். ஊரிலிருந்து வரும் ஒரு அழைப்புகூட நம் வாசலில் வந்து திரும்பிப் போகக் கூடாது.